வேனுக்குக் கான் வெட்டிய கதை: ஹட்டனில் ஒரு 1973 கொம்பி

தேயிலை மலையில் புதிதாக ஒரு துண்டு நிலம் எடுத்தால், கன்று நடுவதற்கு முன்பே கான் வெட்டிவிடுவார்கள். சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தில் ஓடும் அந்தக் கான்தான் மழைத் தண்ணீரை மண்ணோடு அள்ளிக்கொண்டு போகவிடாமல் ஒதுக்கி இறக்கும். என் அப்பா இருபத்திரண்டு வருஷம் கான் வெட்டினார். மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு மலையைப் பார்க்கும்போது அவர் கண் செடியில் நிற்காது. தண்ணீர் எங்கே சேரும், எந்த வழியாக இறங்கும் என்றே தேடும்.

துருப்பிடித்த வண்டியையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வொக்ஸ்வேகன் கொம்பி வேன். 2022 ஜனவரியில், இலங்கை மலையகத்தில் ஹட்டனிலுள்ள எங்கள் கராஜுக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் வீடு போய்ச் சேர்ந்தது. அந்த இருபத்தொரு மாதத்தில் என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

வண்டியும் வந்த கதையும்

வண்டி ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையுடையது. எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். அவருடைய கணவர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது, 80களின் தொடக்கத்தில், ஊர் திரும்பிய ஒரு தோட்ட அதிகாரியிடமிருந்து வாங்கியிருக்கிறார். ஏப்ரல் விடுமுறை வந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளி, கதிர்காமம் என்று போய், வேனுக்குள்ளேயே சமைத்து, வேனுக்குள்ளேயே தூங்கி வருவார்களாம். கணவர் காலமான பிறகு பதினான்கு வருஷம் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறது.

சேசிஸ் இலக்கம் 233 என்று தொடங்கியது. வொக்ஸ்வேகனின் அந்தக் காலத்துப் பத்து இலக்க முறையில் முதல் இரண்டு எண்கள் வண்டியின் வகையைச் சொல்லும். 23 என்றால் கொம்பி. மூன்றாவது எண் மாடல் வருஷத்தின் கடைசி எண், அதாவது 1973. அவர்களுடைய மாடல் வருஷம் ஆகஸ்டில் தொடங்கும் என்பதால் 1972 ஆகஸ்டுக்கும் 1973 ஜூலைக்கும் இடையில் செய்த வண்டி. முன்கண்ணாடி ஒரே துண்டாக வளைந்திருக்கும் இரண்டாம் தலைமுறை. தள்ளு கதவு இடது பக்கம். பின்னால் 1584 சிசி, காற்றால் குளிரும் என்ஜின்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஓடாத வண்டிக்குக்கூட விலை வந்திருந்த நேரம் அது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். டீச்சர் கொடுக்கவில்லை. எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: “ஓட்டைய மட்டும் அடைச்சுக் குடுங்க தம்பி. மழையில நனையாம நின்னா போதும்.”

தட்டிப் பார்த்தபோது

வெளியே பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. முன்கண்ணாடியின் கீழ்மூலையில் கொப்புளம், பின்சக்கர வளைவில் இரண்டு ஓட்டை, கதவுக்கடியில் பெயின்ட் உரிந்த இடம். எங்கள் டிங்கர் அண்ணன் நாற்பது வருஷம் தகரத்தோடு பழகியவர். சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். நல்ல தகடு ‘டிங்’ என்று பதில் சொல்லும். இடது பக்கம் முழுக்க ‘டொக், டொக்’ என்றது. காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் கீழே விழுந்தது. அடியில் தகடு இல்லை, பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி மட்டுமே.

கதவுகளுக்கடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, பெட்டி போல ஒரு பாகம் ஓடும். இந்தக் கட்டுரையில் அதைப் பக்கப்பெட்டி என்றே சொல்கிறேன். இந்த வகை வேனுக்கு அதுவே உயிர்நாடி. தனியாகச் சேசிஸ் சட்டம் கிடையாது. பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாக ஒட்டியவை. பக்கப்பெட்டி வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. அது இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்யும், தள்ளு கதவு மூடாது.

அண்ணன் பட்டியை உளியால் பெயர்த்தார். இரண்டு சென்ரிமீற்றர் கனத்தில் பாளம் பாளமாக வந்தது. அதற்குள்ளே மஞ்சள் நுரை. முன்பு எப்போதோ, எங்கேயோ, யாரோ ஒருவர் பெட்டிக்குள் நுரையைப் பீய்ச்சி நிரப்பி, மேலே பட்டி பூசி, அடியிலிருந்த வடிதுளைகளையும் வெல்டு வைத்து மூடியிருக்கிறார். நுரையில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பிழிந்தேன். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்தது. வண்டி எங்கள் கூரைக்குக் கீழே மூன்று கிழமையாக நின்றிருந்தது. மழை ஒரு துளி படவில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீர் அங்கேயே இருந்தது. உள்தகடு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகட்டுக்கு நடுவே புகுந்தால் ஒட்டிய இடத்தையே பிளந்துவிடும்.

டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். “இதையும் அடைச்சா?” என்று கேட்டார்.

“அடைச்சதாலதான் டீச்சர் இப்படி ஆச்சு,” என்றார் அண்ணன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பக்கப்பெட்டிக்குத் தண்ணீர் கீழேயிருந்து தெறித்து வந்திருக்கும் என்றே முதலில் நினைத்தேன். அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இற்றிருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வெல்டிங் மெஷினைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம். இந்த வேலை முழுவதிலும் நாங்கள் எடுத்த நல்ல முடிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

உள்ளே இருந்த பலகைகளைக் கழற்றினோம். இது வெளிநாட்டில் தயாரான கேம்பர், அதாவது தூங்கவும் சமைக்கவும் வசதி செய்த வேன் அல்ல. இங்கேயே ஒரு தச்சர் கட்டில், அலுமாரி எல்லாம் செய்து மாற்றியது. சுவருக்கு அவர் அடித்திருந்தது தேயிலைப் பெட்டிப் பலகை. அந்தக் காலத்தில் தூளை அடைத்து அனுப்பிய மூன்றடுக்குப் பலகை. திருப்பினால் பின்பக்கத்தில் தோட்டத்தின் அடையாள எழுத்தும் நிறைக் குறிப்பும் கறுப்பு மையில் அப்படியே இருந்தன. பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைக்கூட அவர் வீணாக்கவில்லை. குளிர் தாங்கட்டும் என்று பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே பரப்பி, அதன் பின்னால் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருந்தார். நேர்த்தியான கைவேலை. ஆனால் அந்தப் பஞ்சு ஈரச்சாக்கு போலக் கனத்தது.

பிறகு வெண்கட்டிச் சோதனை. டீச்சரே ஒரு பெட்டி வெண்கட்டி கொண்டுவந்து தந்தார். அதை நுணுக்கி, உட்புறத்தில் தகடுகள் சேரும் ஒவ்வொரு தையலிலும் கண்ணாடி விளிம்பிலும் தூரிகையால் பூசினோம். வெளியே நின்று ஒருவர் குழாயால் தண்ணீர் விட வேண்டும், கீழேயிருந்து மேலாக, ஓர் இடத்துக்குப் பத்து நிமிஷம் வீதம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலே தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றுமே பிடிபடாது.

கதவு ரப்பருக்கு விட்டோம், ஒன்றுமில்லை. முன்கண்ணாடிக்கு விட்டோம், மூலையில் ஒரு கோடு இறங்கியது; அது எதிர்பார்த்ததுதான். கூரையைச் சுற்றி ஒரு விரல் அகலத்தில் ஒரு தாழ்வாரம் ஓடும், கூரைத் தண்ணீரை ஒதுக்கி இறக்குவதற்கு. வேனின் கான் அது. இடது பக்கம், தள்ளு கதவுக்கு மேலே, அதில் தண்ணீர் விட்டு நான்காவது நிமிஷத்தில் வெள்ளைப் பூச்சின் நடுவே தலைமயிர் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தோன்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூணின் உட்பக்கமாக நெளிந்து இறங்கி, நேராகப் பக்கப்பெட்டியின் வாய்க்குள் போய் மறைந்தது.

கூரையும் தாழ்வாரமும் சேரும் தையலில் பூசியிருந்த பசை காய்ந்து வெடித்திருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் வண்டி நின்ற இடம் இடது பக்கம் சரிவு என்பது பிறகு போய்ப் பார்த்தபோது தெரிந்தது. பதினான்கு வருஷம் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரெல்லாம் இந்த ஒரு கோட்டின் வழியாக இறங்கி, நுரையில் ஊறி, வெளியே போக வழியில்லாமல் நின்றிருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வேனுக்குள் சமைத்தால், ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். குளிர் இரவில் அது சுவர்த்தகட்டில்தான் படியும். பஞ்சு நனைந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

பக்கப்பெட்டி

இற்றதையெல்லாம் ஒரேயடியாக வெட்டித் தள்ளினால் வேன் வளைந்துவிடும். அதனால் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து முட்டு வைத்தோம். கதவுகளைக் கழற்றவில்லை, ஒவ்வொரு நாளும் மூடித் திறந்து இடைவெளி அளந்தோம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம்.

ஆயத்தப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து எடுக்கப் பார்த்தோம், அந்த வருஷத்துப் பொருளாதார நெருக்கடியில் டொலர் கிடைக்கவில்லை. கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடியதில் கதவு ரப்பரும் தள்ளு கதவின் உருளையும்தான் கிடைத்தன. கடைசியில் 18 கேஜ் தகடு வாங்கி அண்ணனே மடித்தார். வலது பக்கத்தில் நன்றாக இருந்த துண்டுக்கு அட்டை வைத்து வரைந்து, கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பி இடதுக்கு வெட்டினார். வெளித்தகடுகளுக்கு அதைவிட மெல்லிய 20 கேஜ். நீளமாக வெல்டு இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும். அதனால் ஒரு சென்ரிமீற்றர் இங்கே, அடுத்தது ஒரு முழம் தள்ளி, ஆறியபின் நடுவில் ஒன்று. அடுக்குகள் சேரும் இடத்தில் மேல்தகட்டில் துளை போட்டு, துளையை வெல்டால் நிரப்பினோம். ஒட்டுவதற்கு முன் இரண்டு முகத்திலும் துருவைத் தடுக்கும் சிங்க் பிரைமர். ஒட்டியபின் அந்த முகத்தை யாராலும் தொட முடியாதல்லவா.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் வரும் நேரத்துக்கு வெல்டிங், இல்லாத நேரத்துக்கு அளவெடுப்பும் மடிப்பும் என்று பிரித்துக்கொண்டோம். இரவு பதினொன்றுக்குக் கரண்ட் வந்து, அண்ணன் சாரத்தோடு ஓடிவந்து வெல்டு வைத்த நாளும் உண்டு.

என்ஜின் அறையில் மட்டும் கிரைண்டரை எடுக்கவில்லை. பேட்டரித் தட்டு அமிலம் பட்டு முழுசாகப் போயிருந்தது. அதன் பக்கத்துத் தகட்டில்தான் சேசிஸ் இலக்கம் குத்தியிருந்தது. அந்த இலக்கம் போனால் வண்டி இருந்தும் இல்லாதது மாதிரி. பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அந்த உள்ளங்கையளவு தகட்டைப் பித்தளைத் தூரிகையால் கையாலேயே தேய்த்தேன், இரண்டு நாள். பிறகு துருவை மாற்றும் டானிக் அமிலக் கரைசல் பூசினோம். துரு நீலக்கறுப்பாக மாறி இறுகும். கொழுந்து வெட்டிய கத்தி கறுப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த நிறம் புதிதல்ல. ஆனால் இந்தக் கரைசல், சுரண்டி முடித்தபின் குழிகளில் மிஞ்சும் துருவுக்கு மட்டும்தான். செதிள் செதிளாக இருக்கும் துருவின் மேல் பூசினால் மேல்தோல் கறுக்கும், உள்ளே வழக்கம்போல வேலை நடக்கும்.

நாங்கள் விட்ட பிழை

மே மாதம் தகட்டு வேலை முடிந்தது. பட்டி மெலிதாக இழுத்துத் தேய்த்து, வண்டி முழுவதும் சாம்பல் நிற ஃபில்லர் பிரைமர் அடித்தோம். பார்க்கவே அழகாக இருந்தது. இன்னும் ஒரு கிழமையில் நிறம் என்று நினைத்தோம். அப்புறம் டீசல் இல்லாமல் போனது, பெயின்ட் வரவில்லை, ஊரே வரிசையில் நின்றது. வேன் அந்தச் சாம்பல் நிறத்தோடு, மூன்று பக்கம் மட்டும் சுவருள்ள எங்கள் கொட்டகையில், தென்மேற்குப் பருவமழை முழுவதும் நின்றது.

ஃபில்லர் பிரைமர் குறை மறைத்துத் தேய்ப்பதற்கானது. அதற்குள் இருப்பது பெரும்பாலும் மாவு, ஈரத்தை உறிஞ்சும். மேலே மூடும் பெயின்ட் இல்லாமல் விட்டால் தகட்டுக்குக் காவல் கிடையாது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வெறும் இரும்பு வேகமாகத் துருவேறும். ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். எனக்கு இது தெரியும். தெரிந்தும், கூரைக்குக் கீழேதானே நிற்கிறது என்று விட்டேன்.

செப்டம்பரில் கூரையில் கைவைத்துப் பார்த்தால் தினை அளவில் பழுப்புப் புள்ளிகள். சுரண்டினால் கீழே தகடு முழுக்க மெல்லிய துரு. கூரையும் இடது பக்கமும் மறுபடி வெறும் இரும்பு வரை இறக்கினோம். ஒன்றரை மாத வேலை கழுவிக்கொண்டு போனது. டீச்சரிடம் அதற்குக் காசு வாங்கவில்லை. அது எங்கள் கணக்கு. இந்த முறை தேய்த்த அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், எபொக்சி பிரைமர். அது ஈரத்தை உள்ளே விடாது. அன்றிலிருந்து எங்கள் கராஜில் ஒரு வண்டியும் ஃபில்லர் பிரைமரோடு ஒரு கிழமைக்கு மேல் நிற்பதில்லை.

மலையின் மறுபக்கம்

நிறம் அடிக்க ஹட்டனில் நல்ல நாள் பார்த்துக் காத்திருப்பது வீண் என்று அண்ணன் சொன்னார். தகடு, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் பால் பூத்தது போல மங்கும். “பண்டாரவளைக்கு ஏத்திட்டுப் போவோம் தம்பி. இங்க ஊத்துறப்பதான் அங்க காயும்.”

உயரம் பார்த்தால் ஹட்டனும் பண்டாரவளையும் ஏறத்தாழ ஒன்றுதான், 1,200 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் தென்மேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் அந்தத் தனி மணமும் இந்தக் காய்ந்த காற்றால்தான். 2023 ஜூலையில் லொறியில் ஏற்றிப் புறப்பட்டோம். தலவாக்கலையில் மழை, நானுஓயாவில் மழை, நுவரெலியாவில் ஒரு முழம் தள்ளி ஒன்றும் தெரியாத மூடுபனி. ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்க இறங்க வானம் வெளுத்து, சாலையோரம் புழுதி பறந்தது. உறவினர் ஒருவரின் மூடிய கொட்டகையில், காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே, மூன்று நாளில் அடித்து முடித்தோம். பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே வெள்ளையும் இளம்பச்சையும்தான்.

மற்ற வேலைகள்

என்ஜின் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மில்லிமீற்றர் வைத்தோம், பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் மாற்றினோம். இந்த வண்டிகள் எரிந்து போவது பெரும்பாலும் வெடித்த பெட்ரோல் குழாயால்தான். அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. பிரேக் எண்ணெயும் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும். றம்பொடை இறக்கத்தில் சூடேறி அந்தத் தண்ணீர் கொதித்தால் மிதி தரை வரை போகும். முழுவதும் மாற்றிவிட்டோம்.

ஒரு சங்கதி மட்டும் எங்களை அலைக்கழித்தது. ஓட்டிப் பார்க்கும்போது நானுஓயா ஏற்றத்தில், பனிமூட்டத்தில், என்ஜின் திணறி நின்றது. பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பெட்ரோல் பம்பைச் சந்தேகித்தேன். இரண்டாம் தடவை நின்றபோது மூடியைத் திறந்ததும் அண்ணன் கார்புரேட்டருக்குக் கீழ்க் குழாயைத் தொடச் சொன்னார். மேலே வெண்பனி பூத்திருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். காற்றிலுள்ள ஈரம் அங்கேயே உறைந்து வழியை அடைக்கும். அதைத் தடுக்கவே சைலன்சர் பக்கத்திலிருந்து சூடு கொண்டுவரும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. அது கரி பிடித்து அடைந்திருந்தது. பழைய கிளச் கம்பியைத் துரப்பணத்தில் மாட்டிக் குடைந்தோம். அதோடு திணறல் நின்றது.

பலகைகளை டீச்சர் மாற்றவிடவில்லை. பின்பக்கத்துத் தோட்ட எழுத்துகள் அழியாமல் துடைத்து, காயவைத்து, அதே இடத்தில் பூட்டினோம். ஈயத்தாளும் பஞ்சும் மட்டும் இல்லை. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே காற்றோட ஒரு விரல் இடைவெளி விட்டோம், சமைக்கும் இடத்துக்கு மேலே காற்றுத்துளை வைத்தோம். பக்கப்பெட்டிக்குள் நீளக்குழாயால் மெழுகெண்ணெய் பீய்ச்சினோம், அடியில் கசியும்வரை. அதற்கு முன்னமே, பழைய இடங்களில் வடிதுளைகளைத் திறந்துவிட்டோம், பக்கத்துக்கு நான்கு. தாழ்வாரத் தையலை முழுவதும் சுரண்டிப் புதுப்பசை பூசினோம்.

ஒக்டோபர் நடுவில் வண்டியை ஒப்படைத்தோம். நான்காம் நாள் மாலை நல்ல இடிமழை. இரவு ஏழு மணிபோல டீச்சர் அழைத்தார், குரலில் பதற்றம்.

“தம்பி, வேனுக்கு அடியில தண்ணி சொட்டுது.”

“எந்த இடத்துல டீச்சர்?”

“கதவுக்குக் கீழ. வரிசையா நாலு இடத்துல.”

“உள்ள பாய தூக்கிப் பார்த்தீங்களா?”

செருப்புச் சத்தமும், தள்ளு கதவு ஓடும் சத்தமும், மழையும் கேட்டன. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“காஞ்சு கிடக்கு தம்பி.”

“அப்ப சொட்டட்டும் டீச்சர். அது நாங்க வெட்டின கான்.”